மாணவர்களும் போர் எதிர்ப்பும்: தலைமுறைகளை ஒப்பிடும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வட்டார நூலகத்தில் மாதம் ஒரு முறை தமிழில் படித்துப் பேசும் சிறு குழு ஒன்று கூடுகிறது. தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள், தேசிய சேவையில் இருக்கும் இளையர்கள், சில பெற்றோர், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர். 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் காஸா போரை எதிர்த்து மாணவர்களின் கூடாரங்கள் எழுந்த நாளிலிருந்து, எந்த நூலைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நின்றது. பெற்றோர் வியட்நாம் காலத்தை நினைவுபடுத்தினார்கள். பிள்ளைகள் காஸாவைப் பற்றிக் கேட்டார்கள். அந்த உரையாடல்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு போரை எதிர்த்தது. இவற்றை ஒப்பிடுவதே சரிதானா?

சரிதான், ஆனால் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கூட்டத்தின் அளவு, முழக்கத்தின் கூர்மை, கைதானவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் விளங்காது. நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் போர் அந்த மாணவரை எந்த இடத்தில் தொட்டது?

1954-இல் சிங்கப்பூர்ச் சீனப் பள்ளி மாணவருக்கு அது ராணுவப் பதிவுப் படிவமாக வந்தது. 1969-இல் அமெரிக்க மாணவருக்கு ராணுவ அழைப்புக் குலுக்கலில் விழுந்த பிறந்த தேதியாக வந்தது. 2024-இல் கொலம்பியா மாணவருக்கு, தான் கட்டும் கட்டணத்தை வாங்கும் பல்கலைக்கழகத்தின் முதலீட்டுக் கணக்காக வந்தது. தொடும் இடம் மாறும்போது, தட்டும் கதவும் மாறுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேறுபாடுகள் பலவும் தாமாகவே விளங்கும்.

சிங்கப்பூரில் மாணவர்கள் போருக்கு எதிராக உண்மையிலேயே திரண்டதுண்டா?

உண்டு. அதுவும் அமெரிக்க மாணவர்கள் வியட்நாமுக்காகத் திரள்வதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே.

1954-இல் பிரிட்டிஷ் குடியேற்ற அரசு 18 முதல் 20 வயது வரையிலான இளைஞர்கள் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. சீனப் பள்ளிகளில் அந்த வயதுடைய மாணவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் பள்ளிப்படிப்பு சில ஆண்டுகள் அறுந்துபோனதால், இருபது வயதிலும் அவர்கள் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பதிவுக்கு மறுத்தவர்களுக்காகப் பேச ஒரு தூதுக்குழு மே 13 அன்று அரசிடம் மனுக் கொடுக்கப் போனது. அதற்குத் துணையாக ஏறத்தாழ 500 மாணவர்கள் ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், கிளமென்சோ அவென்யூ பக்கம் கூடினார்கள். கலைந்து போகச் சொன்ன காவல்துறையோடு மோதல் மூண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். அதன் பிறகு மாணவர்கள் பள்ளிகளுக்குள்ளேயே தங்கி, அங்கேயே சமைத்து, அங்கேயே பாடம் படித்துத் தங்கள் எதிர்ப்பைத் தொடர்ந்தார்கள்.

அந்த நாளைத் தனியே பார்க்காமல் அந்த வாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு நாள் முன்புதான், மே 7 அன்று, வியட்நாமின் தியென் பியென் ஃபூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்திருந்தது. மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு பிரிட்டிஷ் அரசு நடத்திய 'அவசரகால'ப் போர் ஆறாவது ஆண்டை எட்டியிருந்தது. அந்த மாணவர்களின் கண்ணுக்கு அந்தப் பதிவுப் படிவம், நாளைக்குக் காட்டுக்குள் யார் சார்பில் யாரைச் சுட வேண்டியிருக்கும் என்ற கேள்வியாகத் தெரிந்தது.

அது போர் எதிர்ப்பா, கம்யூனிஸ்டுகள் தூண்டிவிட்டதா?

இந்தக் கேள்வி எங்கள் குழுவில் எப்போதும் சூடாகிவிடும். சீனப் பள்ளி மாணவர் இயக்கத்தில் இடதுசாரிச் செல்வாக்கு இருந்தது, கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதில் அக்கறை இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தன்னை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லாத ஒரு இளைஞன், அந்த ஆட்சிக்காகத் துப்பாக்கி ஏந்தமாட்டேன் என்று சொல்ல யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கூட்டத்துக்குள் இருந்தன. எந்தத் தலைமுறையின் மாணவர் எழுச்சியை எடுத்தாலும் அதற்குள் அமைப்பாளர்களும் இருப்பார்கள், மனம் பொறுக்காமல் வந்தவர்களும் இருப்பார்கள். ஒரு சாராரை மட்டும் காட்டி மற்றவரை மறைப்பது நேர்மையான வரலாறு ஆகாது.

ஃபஜார் வழக்கு என்றால் என்ன? அதில் நம்மவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், நம் வீடுகளில் இதைப் பேசாமல் விட்டது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அப்போது மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் இருந்தது. அங்கே 1953-இல் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் மன்றம் தொடங்கியது. அதன் முதல் தலைவர், பின்னாளில் உலகம் அறிந்த வரலாற்றாசிரியரான வாங் குங்வூ. மன்றத்தின் இதழுக்குப் பெயர் 'ஃபஜார்', மலாய் மொழியில் விடியல். 1954 மே மாத இதழில், ஆசியாவில் ஆக்கிரமிப்பு என்ற பொருளில் ஒரு தலையங்கம் வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் தென்கிழக்காசியாவுக்கென்று அமைக்க முனைந்த ராணுவக் கூட்டணியை அது கடுமையாகச் சாடியது. அந்த மாதக் கடைசியில் எட்டு மாணவர்கள் கைதானார்கள். குற்றச்சாட்டு, தேச நிந்தனை.

எட்டுப் பேரின் பெயரையும் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்: ஜேம்ஸ் புதுச்சேரி, பூ சூ காய், குவா பூ சுன், லாம் குவான் கிட், பி. அருட்சோதி, தாமஸ் வர்க்கி, எம். கே. ராஜகுமார், எட்வின் தம்பு. தமிழ்ப் பெயர்களும் மலையாளப் பெயர்களும் சீனப் பெயர்களும் ஒரே குற்றப்பத்திரிகையில். எட்வின் தம்புவின் தந்தை தமிழர், பள்ளி ஆசிரியர். மகன் பின்னாளில் சிங்கப்பூரின் ஆங்கிலக் கவிதைக்கு மூத்த குரலானார். ராஜகுமார் மலேசியாவில் மக்கள் மதிக்கும் மருத்துவரானார். ஜேம்ஸ் புதுச்சேரி அதற்கு முன்பே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போர்முனைக்குப் போய் வந்தவர். போரை எதிர்ப்பவர்கள் போர் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் பெயர்தான் நினைவுக்கு வருகிறது.

லண்டனிலிருந்து டி. என். பிரிட் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் வந்து வாதாடினார். அவருக்குத் துணையாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. மக்கள் செயல் கட்சி பிறக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஆகஸ்டில், மாணவர் தரப்பின் எதிர்வாதத்தைக் கேட்கும் தேவைகூட இல்லாமல், நீதிபதி எஃப். ஏ. சுவா எட்டுப் பேரையும் விடுவித்தார். மே 13 வழக்கில் தண்டனை பெற்ற சீனப் பள்ளி மாணவர்களின் மேல்முறையீட்டிலும் பிரிட் வாதாடினார். ஒரே மாதத்தில், ஒரே ஊரில், சீன மொழியில் படித்தவர்களும் ஆங்கிலத்தில் படித்தவர்களும் தனித்தனிப் பாதையில் ஒரே கவலையிடம் வந்து சேர்ந்தார்கள். முதல் கூட்டத்தாரைப் போர் உடம்பில் தொட்டது. இரண்டாம் கூட்டத்தாரை, தாம் வாழும் மண் பிறருடைய போருக்குத் தளமாகும் என்ற அச்சத்தில் தொட்டது. அந்த அச்சம் வீணல்ல: 1954 செப்டம்பரில் மணிலாவில் அந்தக் கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது.

அப்படியானால் வியட்நாம் போரின் உச்சத்தில் நம் வளாகங்கள் ஏன் அமைதியாக இருந்தன?

பல காரணங்கள். இடதுசாரி மாணவர் தலைவர்கள் பலர் 1963 கைதுகளில் உள்ளே போனார்கள். ஃபஜார் எட்டுப் பேரில் ஒருவரான பூ சூ காய் அப்போது அடைபட்டு 1973-இல்தான் வெளியே வந்தார். 1964 முதல் பல்கலைக்கழகத்தில் சேர, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் அல்ல என்று காட்டும் அரசின் 'தகுதிச் சான்றிதழ்' வேண்டும் என்ற விதி இருந்தது, 1978-இல்தான் அது நீங்கியது. படிப்பையே இழக்கக்கூடும் என்ற நிலையில், முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்த பிள்ளை என்ன செய்வான் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1965-இல் தனித்து நின்ற நாட்டுக்குப் படை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 1968-இல் பிரிட்டன் தன் படைகளை 1971-க்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நாடு நிலைக்குமா என்பதே அன்றைய பெற்றோரின் கவலை. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது சோற்றுக் கவலையும்கூட.

அமெரிக்காவில் மட்டும் அது ஏன் அவ்வளவு பெரிதானது?

கட்டாய ராணுவ சேவைதான் முதற் காரணம், ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் இரவு முழுவதும் வகுப்பறைகளைத் திறந்துவைத்துப் போரைப் பற்றி விவாதம் நடத்தினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் வந்தார்கள். ஆசிரியராக இருந்த எனக்கு அந்த இரவின் மீது தனி மரியாதை உண்டு. முழக்கத்துக்கு முன் படிப்பு வந்தது அங்கே.

முழுநேர மாணவருக்கு அழைப்பைத் தள்ளிவைக்கும் சலுகை இருந்தது. அதனால் கல்லூரிக்குப் போக வசதியில்லாத ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் முன்னே போனார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியும் வளாகங்களைக் கொதிக்கவைத்தது. 1969 டிசம்பர் 1 அன்று, யாரை முதலில் ராணுவத்துக்கு அழைப்பது என்று முடிவுசெய்யப் பிறந்த தேதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். 1970 மே 4 அன்று ஓஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படையினர் 13 வினாடிகளில் 67 முறை சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். பதினொரு நாள் கழித்து மிசிசிப்பியின் ஜாக்சனில், கறுப்பின மாணவர்கள் படித்த கல்லூரியில், மேலும் இருவர் காவல்துறையின் குண்டுக்குப் பலியானார்கள். கென்ட் உலகெங்கும் நினைவில் நிற்கிறது, ஜாக்சனைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. யார் செத்தால் ஊர் அழுகிறது என்பதும் நம் ஒப்பீட்டில் சேர வேண்டும்.

நம் தேசிய சேவை இந்த ஒப்பீட்டை எப்படி மாற்றுகிறது?

மிகவும் மாற்றுகிறது, வெளிநாட்டுக் கட்டுரைகளை அப்படியே படிக்கும் பிள்ளைகள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அமெரிக்க மாணவன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி ராணுவ அழைப்புக்கு அஞ்சினான். நம் பையன் இரண்டாண்டு சேவையை முடித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறான். துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரிந்தவன். படிப்பு முடிந்த பிறகும் போர்க்காலப் படையினராகப் பயிற்சிக்கு அழைக்கப்படுவான். 1954-இல் மறுக்கப்பட்ட அதே சேவை, 1967-இல் சொந்த நாட்டின் சட்டமாக வந்தபோது பெரும்பாலான குடும்பங்கள் மனக் கலக்கத்தோடேனும் ஏற்றுக்கொண்டன. யாருடைய நாடு என்பதே அந்த வேறுபாடு.

எங்கள் குழுவில் ஒரு மாலை, தேசிய சேவையில் இருந்த ஒரு தம்பி பேசினான். நாட்டைக் காக்கப் பயிற்சி எடுக்கிறேன், அதனால்தான் இன்னொரு நாட்டில் வீடுகள் இடிவதைப் பார்க்கும்போது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது என்றான். படையில் இருப்பதும் போரை வெறுப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணிய பெற்றோர் சிலர் அன்று வாயடைத்துப்போனார்கள்.

2003 ஈராக் போர் எதிர்ப்பு ஏன் நினைவிலேயே நிற்கவில்லை?

பிப்ரவரி 15 அன்று உலக நகரங்களில் பல லட்சம் பேர் ஒரே நாளில் திரண்டார்கள். மார்ச்சில் போர் தொடங்கியபோது பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். ஆனால் அப்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ராணுவம் விருப்பத்தின் பேரில் சேர்பவர்களுடையது. எந்த மாணவர் வீட்டுக்கும் அழைப்புக் கடிதம் வரவில்லை. போர் தொடங்கியதும் கூட்டம் கரைந்தது.

1968-க்கும் 2024-க்கும் ஒரே கட்டடம் என்கிறார்களே?

ஆம், கொலம்பியாவின் ஹாமில்டன் மண்டபம். 1968 ஏப்ரலில் மாணவர்கள் அதையும் வேறு சில கட்டடங்களையும் கைப்பற்றினார்கள். ராணுவ ஆய்வு நிறுவனம் ஒன்றோடு பல்கலைக்கழகத்துக்கு இருந்த தொடர்பும், ஹார்லெம் மக்களின் பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் கட்டும் திட்டமும் அவர்களின் கோபத்துக்குக் காரணம். ஏப்ரல் 30 அன்று காவல்துறை உள்ளே புகுந்து 700-க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. 1985-இல் அதே மண்டபத்தின் வாசலை அடைத்து, இனஒதுக்கல் தென்னாப்பிரிக்காவோடு தொடர்புள்ள முதலீடுகளை விலக்கக் கோரினார்கள். அந்த ஆண்டே பல்கலைக்கழகம் இணங்கியது. 2024-இல் மீண்டும் அதே மண்டபம், மீண்டும் ஏப்ரல் 30 அன்று காவல்துறை. காஸாவில் காருக்குள் சிக்கித் தொலைபேசியில் உதவி கேட்டு, பின் பிணமாக மீட்கப்பட்ட ஹிந்த் ரஜப் என்ற சிறுமியின் பெயரை மாணவர்கள் அந்தக் கட்டடத்துக்குச் சூட்டியிருந்தார்கள்.

1968-இன் மாணவர் தன் அரசின் போரை எதிர்த்தார். 2024-இன் மாணவர், தன் அரசு ஆயுதம் கொடுக்கும் இன்னொரு நாட்டின் போரை எதிர்த்தார். அதனால் வளாகத்துக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்ட துயரத்தைச் சுமந்த யூத மாணவர்கள் பலர் கூடாரங்களைக் கண்டு அஞ்சினார்கள். கூடாரங்களுக்குள்ளேயே யூத மாணவர்களும் இருந்தார்கள். வியட்நாம் காலத்து வளாகத்தில் இத்தகைய காயம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கவில்லை. அமெரிக்க வளாகங்களில் 2024-இல் கைதானவர்கள் 3,000-க்கும் மேல். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியிலோ ஐந்து நாளில் பேச்சுவார்த்தை முடிந்து, நிர்வாகம் முதலீட்டு விலக்கத்துக்கு இணங்கியது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளின் எதிர்ப்பு கைப்பேசியோடு முடிந்துவிடுகிறதே?

இல்லை. 1954-இல் ஃபஜார் ஒரு சில நூறு கைகளுக்குப் போயிருக்கும். இன்று ஒரு படம் ஒரு மணி நேரத்தில் எல்லார் கைக்கும் போகிறது. ஆனால் கூடாரத்தில் படுத்தவர்கள் இடைநீக்கமும் கைதும் கண்டார்கள், பட்டமளிப்பு விழாவை இழந்தார்கள். விலை கொடுக்கும் விதம் மாறியிருக்கிறது. முகமும் பெயரும் இணையத்தில் அழியாமல் தங்குவது அன்றைய மாணவருக்கு இல்லாத பாரம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது எதிரே வந்து நிற்கும்.

தமிழர்களுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டா?

உண்டு, ஆறாத அனுபவம். 2009 ஏப்ரலிலும் மே மாதத்திலும் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் டொராண்டோவின் நெடுஞ்சாலையிலும் முன்னே நின்றவர்களில் பலர் அங்கேயே பிறந்தோ வளர்ந்தோ படித்துக்கொண்டிருந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள். இலங்கையில் போரின் கடைசி மாதங்களில் அவர்களுடைய உறவினர் உயிர் போய்க்கொண்டிருந்தது. போர் அவர்களைத் தொலைபேசியின் மறுமுனையில் தொட்டது.

2013-இல் தமிழ்நாட்டில் நடந்தது வேறு வகை. போர் முடிந்து நான்காண்டு ஆகியிருந்தது. விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் மகன், பன்னிரண்டு வயது பாலச்சந்திரனின் கடைசிப் படங்கள் அந்த பிப்ரவரியில் வெளிவந்தன. மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியதும் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவ, அரசு கல்லூரிகளையே மூடியது. ஹிந்த் என்ற பெயரைக் கட்டடத்தில் எழுதிய பிள்ளைகளையும், பாலச்சந்திரனின் படத்தைக் கையில் பிடித்த பிள்ளைகளையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். போரின் கணக்கு எத்தனை ஆயிரமாக இருந்தாலும், ஒரு குழந்தையின் முகம் கண்ணில் படும்போதுதான் பதினெட்டு வயது மனம் எழுந்து நிற்கிறது.

இந்தப் போராட்டங்கள் எந்தப் போரையாவது நிறுத்தினவா?

நேராக நிறுத்தியதாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மிச்சிகன் இரவுக்குப் பிறகும் வியட்நாம் போர் பத்தாண்டு நீடித்தது. ஆனால் கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றது, 1971-இல் அமெரிக்காவில் வாக்களிக்கும் வயது 18 ஆனது. ஃபஜார் மாணவர்களை எந்தச் சட்டத்தின் கீழ்க் கூண்டில் ஏற்றினார்களோ அந்தத் தேச நிந்தனைச் சட்டத்தைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2021-இல் நீக்கியது.

மாணவர்கள் எப்போதும் சரியாகவே கணித்தார்கள் என்றும் சொல்லமாட்டேன். 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றம், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிடமாட்டோம் என்று 275-க்கு 153 வாக்குகளில் தீர்மானித்தது. பத்து நாள் முன்புதான் ஜெர்மனியில் ஹிட்லர் பதவி ஏற்றிருந்தார். முதல் உலகப் போரில் ஒரு தலைமுறையைப் புதைத்த வீடுகளின் பிள்ளைகள் அப்படிச் சொன்னதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வந்துகொண்டிருந்த போர் வேறு வகையானது. அந்தத் தலைமுறையே ஆறாண்டு கழித்துச் சீருடை அணிந்தது.

இன்று சிங்கப்பூரில் சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் ஒரு நோக்கத்துக்காகக் கூடவோ நடக்கவோ காவல்துறை அனுமதி வேண்டும். ஒருவர் தனியாகச் செய்தாலும் அப்படியே. ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை 2000-இல் திறக்கப்பட்டது. 2008 முதல் குடிமக்கள் அங்கே சில நிபந்தனைகளோடு ஆர்ப்பாட்டமும் நடத்தலாம். ஆனால் காஸா போர் தொடர்பான கூட்டங்களுக்கு அங்கேயும் அனுமதி இல்லை என்று 2023 அக்டோபரில் அதிகாரிகள் அறிவித்தார்கள். இன, சமய உணர்வுகள் கொந்தளிக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 70 பேர், பாலஸ்தீனக் கொடியின் நிறங்களை நினைவூட்டும் தர்பூசணிப் படம் போட்ட குடைகளோடு, ஆர்ச்சர்ட் சாலைப் பக்கமிருந்து அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்கு நடந்துபோய்ப் பிரதமருக்குக் கடிதங்கள் கொடுத்தார்கள். அதற்காக மூன்று பெண்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2025 அக்டோபரில் மாவட்ட நீதிமன்றம் அவர்களை விடுவித்தது, அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது.

என் மகள் ஒரு மனுவில் கையெழுத்திடலாமா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

இதை என்னிடம் கேட்டவர் ஒரு தாய், குரலைத் தாழ்த்திக் கேட்டார். என் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. நான் என் மகளிடம் மூன்று காரியம் செய்யச் சொன்னேன். மனுவை முழுதாகப் படி, அதில் உன்னால் நின்று விளக்க முடியாத ஒரு வரிகூட இருக்கக்கூடாது. சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள். பிறகு, உன்னோடு ஒத்துப்போகாத ஒரு தோழியிடம் உட்கார்ந்து பேசு.

அவள் மூன்றையும் செய்தாள். மனுவில் ஒரு வரியை மாற்றும்படி எழுதியவர்களிடம் கேட்டாள், அவர்கள் மாற்றினார்கள். பிறகு கையெழுத்திட்டாள். அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஃபோர்ட் கேனிங் அடிவாரத்துக்குப் போனோம். 1954-இல் மாணவர்கள் கூடிய இடத்துக்கு அருகே இப்போது சிறுவர்கள் விளையாடும் பூங்கா இருக்கிறது. ஃபஜார் எட்டுப் பேரின் பெயரையும் அவளே எனக்குச் சொல்லிக் காட்டினாள். ஒருவர் பெயரை மட்டும் மறந்துவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதுவும் நினைவுக்கு வந்தது: அருட்சோதி.